மெருகும் உயிரும்



டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1954இல் பிறந்த மின்கிதார்க் கலைஞர் எரிக் ஜான்சன். 1990இல் வெளியான 'ஆ வியா மியூசிகாம்' தொகுப்புக்குப் பின், பதித்ததை அழித்து மீண்டும் பதித்து, அடுத்ததை 1996இல்தான் தந்தார். கருவியில் இடும் மின்கலம் மாறினாலும் அவர் செவி அறியும் என்பர்.

மாசற்ற நாதம் என்கின்றனர் ஒரு சாரார். மாசின்மையே மாசு என்கின்றனர் மறுசாரார்.

ஒரே கவிதையை ஆண்டுக்கணக்கில் திருத்தி, இறுதியில் இலக்கணம் மட்டுமே எஞ்சக் கண்டவன் நான். மறுசாராரோடு நிற்கவே எண்ணினேன். ஆனால், 1992இல் கிராமி விருது பெற்ற அவரது 'கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' என்னை மறித்தது. அம்மெட்டு சில நிமிடங்களில் தமக்கு வாய்த்ததென அவரே கூறியிருக்கிறார். ஆண்டுகள் சென்றது மெருகுக்கே. என் கவிதையைக் கொன்றது திருத்தமன்று. அதில் உயிர் பிறந்திருக்கவேயில்லை.