“யார் உடைச்சது?”

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“தொழில்நுட்பம் பற்றி ஏதாவது பேசுங்க” என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டார். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு வேறு. குழந்தைகளுக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியவருகிறது என்பதுதான் அது. தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறவனுக்கு இது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டில் யு.கே.ஜி. படிக்கும் மகள் இருக்கிறாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்விட்சர்லாந்தில் ழான் பியாஜே என்றொரு அறிஞர் இருந்தார். குழந்தைகளின் நீதியுணர்வைப் பற்றி 1932இல் ஒரு நூல் எழுதினார். அவர் பிள்ளைகளுக்கு இரண்டு கதைகள் சொன்னார். ஒரு பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் தட்டில் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகளும் விழுந்து உடைகின்றன. இன்னொரு பையன், அம்மா இல்லாத நேரம் பார்த்து, நாற்காலி மேல் ஏறித் திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப் போகிறான். ஒரே ஒரு கோப்பை உடைகிறது. இருவரில் யார் கெட்டவன்?

சின்னப் பிள்ளைகள் பலர், 15 உடைத்தவன்தான் என்றார்கள். 9, 10 வயதை எட்டியவர்கள் பெரும்பாலும், திருடப் போனவன்தான் என்றார்கள். கதையை எளிமையாக்கிச் சொன்னால் இன்னும் சிறிய பிள்ளைகளே நோக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் பியாஜே சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் பெற்றோர்களுக்குப் பொருந்தும். உடைந்த பொருளின் விலையைப் பார்த்துத் திட்டுகிற பெரியவர்களிடமிருந்துதான் பிள்ளைகளும் அந்தக் கணக்கைக் கற்கிறார்கள். நம் வீட்டில் மட்டும் என்ன? எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் “பார்த்துடா கண்ணா”; பீங்கான் ஜாடி விழுந்தால் முதுகில் ஒன்று! இரண்டிலும் கை தவறியதுதானே?

அதற்காகப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் எலியட் டூரியல், ஜூடித் ஸ்மெட்டானா முதலியோர் 1980களில் மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தார்கள். அதை நம்மூர் வழக்கில் சொல்கிறேன். “டிபன் டப்பாவைக் கண்ட இடத்தில் வைக்கலாம்னு மிஸ்ஸே சொல்லிட்டா வைக்கலாமா?” என்று கேட்டால், “வைக்கலாம்” என்பார்கள். “பக்கத்துப் பையனைக் கிள்ளலாம்னு மிஸ்ஸே சொல்லிட்டா?” என்றால், “கூடாது, அவனுக்கு வலிக்கும்” என்பார்கள். ஒழுங்குக்காகப் போட்ட விதி வேறு, பிறரைத் துன்புறுத்தும் தவறு வேறு என்பது மூன்று, நான்கு வயதிலேயே புரியத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் அடிக்குப் பயந்துதான் பிள்ளை நல்லவனாகும் என்கிறோமே, அது? அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது நம் பழமொழி. விக்டோரியா டல்வார், காங் லீ என்ற இருவர் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் இதைச் சோதித்து, 2011இல் வெளியிட்டார்கள். ஒன்று பிரம்படி கொடுக்கும் பள்ளி; மற்றது அடிக்காத பள்ளி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளையிடம், “திரும்பிப் பார்க்காமல் இந்தப் பொம்மை என்னவென்று சொல்லு” என்று கூறிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலோர் திரும்பிப் பார்த்தார்கள், பிள்ளைகள்தானே! பிறகு “பார்த்தாயா?” என்று கேட்டபோதுதான் வித்தியாசம். அடி வாங்கும் பள்ளியில் பொய் சொன்னவர்கள் மிக அதிகம். அது மட்டுமல்ல, மேலும் கேள்வி கேட்டாலும் மாட்டிக்கொள்ளாமல் சமாளித்தார்கள். அடி அவர்களைத் தவறு செய்யாமல் தடுக்கவில்லை, மறைக்கத்தான் பழக்கியது.

இதே விளையாட்டை வைத்துக் கதைகளையும் சோதித்தார்கள். 2014இல் முடிவு வெளிவந்தது. ‘புலி வருது’ என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கதையை அங்கே ஓநாயை வைத்துச் சொல்வார்கள். பொய் சொன்ன பையனுக்கு நேர்ந்த கதியைக் கேட்டும் பிள்ளைகளின் உண்மை பேசும் குணம் கூடவில்லை. மரத்தை வெட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்களில்தான் உண்மையைச் சொன்னவர்கள் கூடினார்கள். (அந்தக் கதையே கட்டுக்கதை என்பது வேறு விஷயம்!) கதையின் முடிவை மாற்றிச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது.

இப்போது அந்த இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். தம்பி தங்கைகளே, நாளைக்குச் சோதனை அறிக்கைகளில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் நீங்கள். மைக்ரோமீட்டரைக் கை தவறிக் கீழே போட்ட பயிற்சியாளர், திட்டு விழுமே என்று துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு அது காட்டும் அளவெல்லாம் சந்தேகம்தான். அந்தப் பயிற்சியாளரைத் தயார் செய்தது அவர் படித்த பாடத்திட்டமா, “யார் உடைச்சது?” என்று பிரம்போடு நின்ற ஒரு பெரியவரா?

அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளின் பாதுகாப்பு அறிக்கைகளை நாசா பெற்றுவருகிறது. தற்செயலாகச் செய்த தவற்றை விமானி தானே எழுதி அனுப்பினால் பெயரை வெளியிட மாட்டார்கள்; தண்டனையிலிருந்தும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. குற்றமும் விபத்தும் இதில் சேரா. சொல்கிறவனுக்குப் பயம் இல்லாதபோதுதான் அடுத்தவன் உயிர் காப்பாற்றப்படுகிறது.

கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. உடைத்த குழந்தையோடு சேர்ந்து துடைப்பத்தை எடுங்கள். யாருக்கு வலித்தது, ஏன் வலித்தது என்று பேசுங்கள். உண்மையைச் சொன்னால் முதலில் அதற்கு ஒரு “சபாஷ்” சொல்லிவிட்டு, பிறகு மற்றதைப் பாருங்கள். வீட்டில் பெற்றோராக இருப்பவர்களுக்கும், நாளை பத்துப் பேருக்கு மேலாளராகப் போகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது ஒன்றுதான்.