ஒட்டுப் புத்தகத்தில் தொட்டுப் பார்க்கும் பக்கங்கள்



பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் செய்தித்தாளிலிருந்து படங்களை வெட்டிப் பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் ஒட்டுப் புத்தகம் என்கிறோம். "ஒட்டுப்பால் மாதிரியா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். சரியாகத்தான் கேட்டான். மங்கில் ஒட்டிக்கொண்டு மிஞ்சியதை உரித்துச் சேர்ப்பதுதானே அதுவும்!

இன்று நாம் பேசப் போவது குடும்பக் கதையைச் சேர்த்து வைக்கும் ஒட்டுப் புத்தகத்தைப் பற்றி. சி ரூசா பக்கமும் நெகிரி செம்பிலானின் மற்ற இடங்களிலும் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பால் வெட்டிய பாட்டியின் பேரப்பிள்ளை மங்கைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைக்குப் படம் மட்டும் போதாது. விரலால் தடவ ஏதாவது வேண்டும். பாட்டிக்கும் அப்படித்தான். கண் மங்கினாலும், பட்டை எது, இலை எது என்பதை அவர் விரல் மறக்கவில்லை. ஆகவே பக்கங்களில் மேடு பள்ளம் வைப்பது வெறும் அலங்காரம் அன்று.

எளிதான வழி, தேய்த்துப் படியெடுப்பது. ரப்பர் இலை ஒரே காம்பில் மூன்றாகப் பிரிந்திருக்கும். நரம்பு எடுப்பாக இருக்கும் அடிப்புறம் மேலே தெரியும்படி இலையை வையுங்கள். அதன்மேல் மெல்லிய தாளைப் பரப்பி, மெழுகு வண்ணக்கோலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்பு ஒவ்வொன்றும் எழும்பி வரும். மரப்பட்டை, லயத்து வீட்டுக் கதவு, பழைய நாணயம், அரிசி முறம் எல்லாவற்றையும் இப்படியே எடுக்கலாம். தமிழகத்துக் கோயில் கல்வெட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் படித்ததும் ஏறக்குறைய இம்முறையால்தான். ஈரத் தாளைக் கல்லின்மேல் தூரிகையால் அடித்துப் பதித்து, மை ஒற்றி எடுப்பார்கள்.

நம் போர்ட்டிக்சன் மாவட்டத்திலேயே, பெங்காலான் கெம்பாசில், 1467ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. வாள், கரண்டி, சுக்கான் என்று பெயர் பெற்ற நெடுங்கற்களும் அங்கே உண்டு. அவற்றில் தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம். அவை பாதுகாக்கப்பட வேண்டிய பொருள்கள். படம் மட்டும் எடுத்து வாருங்கள்.

அடுத்து, அட்டையால் மேடு செய்வது. கடைச் சாமான் வரும் நெளி அட்டைப் பெட்டி போதும். அதன் மேல்தாளைச் சிறிது நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியாகத் தெரியும். மெஷினில் உருட்டிய ரப்பர்த் தகடு போலவே இருக்கும். உண்மையான ரப்பர்த் துண்டையே ஒட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். நம் வெயிலில் அது பிசுபிசுத்து அடுத்த பக்கத்தில் கறையாகிவிடும். ரப்பர் வளையமும் செல்லோடேப்பும் அப்படியே; சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காய்ந்து உதிரும், கறை மட்டும் நிற்கும்.

இரண்டு மூன்று அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவிட்டு, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்த சரிவாக ஒரு கோடு வெட்டியெடுங்கள். பால் வெட்டின மரம் வந்துவிடும். கோட்டின் கீழ்முனையில் பாதி ரப்பர்க் கொட்டை ஓட்டை மங்காக ஒட்டலாம். உள்ளே இருக்கும் பருப்பை எடுத்துவிடுங்கள். அதில் எண்ணெய் உண்டு, பூசணம் பிடிக்கும். அந்தக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்த குறும்பை அப்பாமார்கள் அந்தப் பக்கத்திலேயே எழுதலாம். எப்படியும் மறுக்க முடியாது.

இனி நாங்கள் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் கல்லூரி முடித்துத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிதில் மாணவர்களோடு இப்படி ஒரு புத்தகம் செய்தோம். ஒரு மாணவியின் பாட்டி தம் தந்தையின் படத்தைக் கொடுத்தார். குடும்பத்தில் இருந்தது அந்த ஒரு படம்தான். 1942, 43இல் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர், திரும்பவில்லை. நாங்கள் அரிசிக் கஞ்சிப் பசையை நிறையத் தடவிப் படத்தை ஒட்டினோம். எதிர்ப்பக்கத்தில் தடித்த அட்டை வேலைப்பாடு. பசை காயுமுன் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தோம். மறு ஆண்டு திறந்தபோது எதிர்ப்பக்க அட்டை படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இராமபாணப் பூச்சி மீதியை அரித்திருந்தது. சட்டைக் கழுத்தும் இரண்டு பொத்தானும் மட்டும் மிஞ்சின. பாட்டி கோபிக்கவில்லை. "மொகத்தக் காணோமே டீச்சர்" என்றார். அதற்குப் பதில் எங்களிடம் இல்லை.

காரணம் பிறகு புரிந்தது. பழைய படத்தின் மேற்பூச்சு, ஈரம் பட்டால் ஊறிப் பிசினாகிவிடும். கஞ்சிப் பசையோ பூச்சிக்கு விருந்து. ஆகவே ஒரே படமாக உள்ளதை ஒருபோதும் ஒட்டாதீர்கள். கடையில் நகல் எடுத்து நகலை ஒட்டுங்கள். மூலப் படத்தை வைக்கத்தான் வேண்டுமென்றால், தாளில் நான்கு முக்கோணப் பைகள் மடித்து மூலைகளை அவற்றில் செருகுங்கள். பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாள அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் புத்தகத்தில் வைக்கவே வேண்டாம். குடியுரிமைக்கு மனுச் செய்யும் குடும்பத்துக்கு அந்த ஒரு தாள் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும். தனி உறையில் பத்திரமாக இருக்கட்டும். நகலைப் புத்தகத்தில் சேருங்கள்.

அந்தப் பாட்டியின் பக்கத்தை மறுபடி செய்தோம். அட்டையில் சன்னல் போல் சட்டம் வெட்டி உயர்த்தி, மிஞ்சிய துண்டைப் பசையில்லாமல் உள்ளே நிறுத்தினோம். சட்டத்துக்குக் கீழே விசிறிபோல் மடித்த ஒரு நீளத் தாள். அதை இழுத்தால், அவர் சொல்லச் சொல்ல மாணவி எழுதியது வரிவரியாக விரியும்: அப்பாவின் பெயர், தோட்டம், லோரி ஏறிய காலை. படமே இல்லாத குடும்பங்களுக்கும் இந்தச் சட்டம் உதவும். உள்ளே வெறுமையாக இருக்கட்டும்; பெயரை மட்டும் எழுதுங்கள்.

தடித்த பக்கங்கள் சேர்ந்தால் புத்தகம் வாய் பிளந்து நிற்கும். அதற்கு, தைக்கும் ஓரத்தில் ஒவ்வொரு தாளுக்கும் இடையே விரல் அகல அட்டைப் பட்டை ஒன்றை வைத்து, மூன்று துளையிட்டு நூலால் கோருங்கள். மேடுகளுக்கு இடம் கிடைக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் மேடுகள் ஒன்றையொன்று இடிக்காதபடி மாற்றி மாற்றி அமையுங்கள். வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு முழுதும் திறந்தே காயவிடுங்கள். மழை நாளானால் இரண்டு இரவு. பிறகு துணியில் சுற்றி, சமையலறைக்கு எட்ட, சுவரில் படாமல் வையுங்கள். மாதம் ஒருமுறை பாட்டியின் மடியில் வைத்துப் புரட்டினால் பூச்சியும் அண்டாது.