ஓசைக்கும் எல்லை உண்டு!

(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்றில் மீனவர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



மீன் விலையைப் பற்றியும், முகத்துவாரம் தூர்ந்துபோவதைப் பற்றியும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று தூக்கத்தைப் பற்றிப் பேசுவோம். இது சின்ன விஷயமல்ல. தூங்காத கண்ணோடு அலையில் படகு தள்ளுபவனுக்கு உயிர் நிச்சயமில்லை.

எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் கரையை அடைத்து நிற்கின்றன. இரவு பகல் ஓயாத தொழில்கள் இவை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் பொது விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள், இருமுறையும் விசாரணை தள்ளிப்போயிற்று.

யந்திரத்தின் ஓசைக்குச் சட்டம் உண்டா? உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஊரை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. தொழிற்பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70. கடைவீதியில் 65, 55. குடியிருப்பில் 55, 45. பள்ளி, ஆஸ்பத்திரி சூழ்ந்த அமைதிப் பகுதியில் 50, 40.

70-க்கும் 45-க்கும் வித்தியாசம் வெறும் 25 தானே என்று எண்ணாதீர்கள். பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது. 25 ஏறினால் முந்நூறு மடங்குக்கு மேல்! வீடும் ஆலையும் கலந்த இடத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் சர்க்காரிடம் இருக்கிறது. ஆகவே, வரைபடத்தில் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் நம் குழந்தைகளின் தூக்கம் இருக்கிறது.

இன்னொரு சங்கதி. சட்டத்தின் இரவு பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறுக்கு முடிகிறது. அலுவலகம் போகிறவருக்கு அது பொருந்தும். விடியுமுன் கடலேறி, வெயில் ஏறியபின் கரை திரும்புகிறவனுக்கு எது இரவு? இரவு ஷிப்ட் முடித்து வரும் மில் தொழிலாளிக்கு எது இரவு? உழைப்பவன் கண் மூடும் நேரத்தைச் சட்டம் பகல் என்கிறது. பத்து டெசிபல் கூடுதலாகவும் அனுமதிக்கிறது.

"ஆலையை எதிர்த்தால் உன் தம்பியின் வேலை போய்விடும்" என்று பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். நாம் மூடச் சொல்லவில்லை, ஓசையை அடக்கச் சொல்கிறோம். யந்திரத்துக்குக் கூண்டு, நீராவிக் குழாய்க்கு ஓசையடக்கி, தேய்ந்த பாகத்தை உடனே மாற்றுதல், தூண் அடிக்கும் வேலையைப் பகலோடு நிறுத்துதல் — இவையெல்லாம் செய்யக்கூடியவையே. முதலாளிக்குச் செலவு, அவ்வளவுதான். ஆலைக்குள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை. உள்ளே நிற்பவனின் காதையும் வெளியே படுப்பவனின் தூக்கத்தையும் கெடுப்பது ஒரே யந்திரம். இருவரும் ஒரே கட்சி!

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: நம் குப்பம் எந்த வகைப் பகுதி என்று ஜில்லா கலெக்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு: எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் இரைச்சல் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் உதவட்டும்.

மூன்று: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் நடு இரவில், நம் வாசலில், நம் கண்ணெதிரே அளக்க வேண்டும் என்று மகஜர் கொடுங்கள். எல்லையை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் புகார் கொடுக்க விதியே உரிமை தருகிறது.

நான்கு: எந்தப் பொது விசாரணையிலும் ஓசைக் கணக்கைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தனி ஒருவன் கேட்டால் ஆபீஸ் கதவு திறக்காது. குப்பம் குப்பமாக, மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் கூடச் சேர்ந்து கேட்போம். திறக்கும்!