அண்ணனுக்கு வந்த கடிதம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பாராட்டிப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். தம்பி படிக்கட்டும் என்று தன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பால் வாளியைத் தூக்கிய அண்ணன் ஒருவர், பந்தலுக்குள் வராமல் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நிற்பார். அவரைப் பற்றிப் பேச ஆளில்லை. நான் பேசலாம் என்று நினைக்கிறேன். துணைக்கு ஒரு பெரிய மனிதரின் அண்ணனையும் அழைத்து வந்திருக்கிறேன்.

காந்தியடிகளைத் தெரியாதவர் இங்கு இல்லை. அவருடைய மூத்த அண்ணன் இலட்சுமிதாசரைத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஆசிரியர்கள் பக்கத்திலும் அவ்வளவாகக் கை தெரியவில்லை!

1885ஆம் ஆண்டு தகப்பனார் காலமானார். அதற்குப் பிறகு தம்பிக்குத் தகப்பன் இந்த அண்ணன்தான். 1888இல் தம்பியை இலண்டனுக்குப் பாரிஸ்டர் படிப்புக்கு அனுப்பினார்கள். மனைவியின் நகைகளை விற்கலாமா என்று தம்பி யோசித்தபோது, பணத்தை எப்படியாவது நான் புரட்டித் தருகிறேன் என்று அண்ணன் ஏற்றுக்கொண்டார். அவர் ஒன்றும் பெரிய பணக்காரர் அல்லர், சின்ன வக்கீல்தான். கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவைப்போம் என்று பெரியவர்கள் மிரட்டினார்கள். சொன்னபடியே தள்ளியும் வைத்தார்கள். அண்ணன் அசையவில்லை.

தம்பி இலண்டனில் இருக்கும்போதே ஊரில் தாயார் இறந்துவிட்டார். அண்ணன் அந்தச் செய்தியைக் கடிதத்தில் எழுதவே இல்லை. தெரியாத சீமையில் தனியாக இருக்கும் பிள்ளை எப்படித் தாங்குவான் என்று தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். 1891இல் தம்பி பம்பாயில் வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார். எழுதிய கடிதத்தைவிட எழுதாமல் விட்டது பெரிது என்று சொல்ல வேண்டும்.

பாரிஸ்டர் தம்பி வந்தால் பணம் கொட்டும் என்று நம்பி, வீட்டுச் செலவை முன்கூட்டியே கூட்டி வைத்திருந்தார். வீட்டில் பீங்கான் பாத்திரம் என்ன, தேநீர் காப்பி என்ன! ஆனால் தம்பிக்கு வழக்கு வரவில்லை. அந்த நேரத்தில் போர்பந்தர் வணிகர் கம்பெனி ஒன்று தென்னாப்பிரிக்காவில் ஒரு வழக்கைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று கேட்டு எழுதியது. அந்தக் கடிதம் வந்ததும் அண்ணன் பெயருக்குத்தான். ஒரு வருட வேலை, சம்பளம் 105 பவுன். 1893இல் தம்பி கப்பலேறினார்.

ஒரு வருடம் என்று போனவர் ஏன் தங்கினார்? இங்கேதான் நம்ம சனங்கள் வருகிறார்கள். நாத்தால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் வேலை செய்தார்கள். இங்கே நம் பாட்டன்மார் 'சஞ்சிக்கூலி' என்று சொன்னதை அங்கே 'கிர்மிட்' என்றார்கள். 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் முன் வந்து அழுதார். அடுத்த ஆண்டில், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குகிறவர் தலைக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் வருடத்துக்கு 12 பவுன். ஆண்பிள்ளையின் சராசரி வருமானமோ மாதம் 14 ஷில்லிங்கைத் தாண்டாது. பவுனுக்கு 20 ஷில்லிங். மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடம் முழுக்கச் சாப்பிடாமல் சேர்த்தாலும் 8 பவுன் 8 ஷில்லிங்தான் வரும்.

ஆனாலும் தம்பி அண்ணனை மறக்கவில்லை. சேர்ந்த பணத்தையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள், இதுவரை சேர்த்ததையெல்லாம் தங்களுக்குக் கொடுத்துவிட்டேன், இனிமேல் மிஞ்சுவது இங்குள்ள மக்களுக்குத்தான், என்னிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்? உண்மையைச் சொன்னால், இந்த இடத்தில் என் மனம் அண்ணன் பக்கம்தான் சாய்கிறது. கடுமையாகப் பதில் போட்டார். அப்பாவைவிட நீ அறிவாளியா, அவர் குடும்பத்தைத் தாங்கினார், நீயும் தாங்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். அப்பா செய்ததைத்தான் நானும் செய்கிறேன், குடும்பம் என்ற சொல்லைக் கொஞ்சம் அகலமாக்கிப் பாருங்கள் என்பது தம்பியின் பதில்.

1907இல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அண்ணன் மாதம் 100 ரூபாய் கேட்டிருந்தார். அச்சகத்தையே கடன் வாங்கித்தான் நடத்துகிறேன், புதிய சட்டத்தை எதிர்த்துச் சிறைக்கும் போக நேரலாம், இப்போது வழியில்லை என்கிறார் தம்பி. என் சம்பாத்தியத்தில் அண்ணன்மார் இருவருக்கும் பங்கு உண்டு என்றும் ஒப்புக்கொள்கிறார். நிலைமை திருந்தினால், தங்கள் மனம் குளிர வேண்டும் என்பதற்காகவே, கேட்டதை மணியார்டரில் அனுப்ப முயல்வேன் என்றும் எழுதுகிறார். கொள்கைக்காரர்தான், ஆனால் அண்ணன் மனம் நோகிறதே என்ற தவிப்பு அந்த ஒரு வரியில் தெரிகிறது. அதற்குப் பிறகு அண்ணன் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். பல வருடம்!

நம் ஊரிலும் இது நடக்கிறது. படிக்க வைத்த பிள்ளை பட்டணத்தில் தொழிற்சங்க வேலைக்குப் போகிறது; பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கும், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கிற கிழவிகளுக்கும் மனு எழுதிக்கொண்டு அலைகிறது. இங்கே லயத்து வாசலில், "என்னங்க, மகன் காசு அனுப்புறானா?" என்று கேட்பவருக்குத் தாயார் என்ன பதில் சொல்லுவார்? "ஊருக்கு ஒழைக்கிறான்" என்கிறார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் மாலையில் பாதியாவது அந்தத் தாயாருக்குப் போட வேண்டும் என்பது என் எண்ணம். பிள்ளையும், காசு இல்லையென்றால் கடுதாசியாவது, டெலிபோனாவது போட வேண்டாமா?

சரி, அண்ணன் தம்பி கதைக்கு வருகிறேன். 1913ஆம் ஆண்டு 3 பவுன் வரியை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் காந்தியோடு நடந்தே திரான்சுவால் எல்லையைத் தாண்டினார்கள். அவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். அண்ணன் கேட்ட பணம் யாருக்குப் போனது என்றால் இப்படிப்பட்ட மக்களுக்குத்தான் போனது. சிறையில் காய்ச்சல் கண்ட தில்லையாடி வள்ளியம்மை, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மாண்டாள். பள்ளிக்கூடம் போகிற வயசு.

அந்தக் காலத்தில்தான் ஊரில் நோயாய்க் கிடந்த அண்ணனின் மனம் இளகியது. நீ செய்ததுதான் சரி என்று தம்பிக்கு எழுதினார். மன்னிப்பும் கேட்டார். தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதுண்டா? இவர் கேட்டார். தன் மகன்களை உன் விருப்பப்படி வளர்த்துக்கொள் என்று ஒப்படைத்தார். பிறகு தென்னாப்பிரிக்காவுக்கே வந்து உன்னைப் பார்க்க ஆசை என்று தந்தி கொடுத்தார். வாருங்கள் என்று தம்பி பதில் தந்தி கொடுத்தார்.

அண்ணனால் கப்பலேற முடியவில்லை. 1914 மார்ச் 9ஆம் நாள் கண்ணை மூடிவிட்டார், வள்ளியம்மை மறைந்த பதினைந்தாம் நாள். அதே ஆண்டின் நடுவில் 3 பவுன் வரி ஒழிந்தது.

1915 சனவரியில் காந்தி பம்பாயில் வந்து இறங்கினார். வரவேற்புக் கூட்டங்கள் நடந்தன, மாலைகள் விழுந்தன. இந்தமுறை துறைமுகத்தில் அண்ணன் இல்லை. கூட்டங்கள் முடிந்ததும் மூன்றாம் வகுப்பு இரயில் பெட்டியில் ஏறி, ராஜ்கோட்டுக்கும் போர்பந்தருக்கும் அண்ணியாரைப் பார்க்கப் போனார்.