புரியலன்னா கேளுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)

  

இன்றைக்கு நான் கடனைப் பற்றிப் பேசப் போவதில்லை. இங்கிலீஷைப் பற்றிப் பேசப் போகிறேன். பின் வரிசையில சில பேர் சிரிக்கிறீங்க. "நமக்கு எங்கம்மா இங்கிலீஷ்?"னு ஒரு அக்கா சொல்றது காதுல விழுது.

அக்கா, குழுவுல சேர்ந்த முதல் மாசம் உங்களுக்கு 'லெட்ஜர்'னா என்னன்னு தெரியுமா? 'ரிவால்விங் ஃபண்ட்', 'சப்சிடி', 'கிரேடிங்' தெரியுமா? இன்னைக்குப் பேங்க் மேனேஜர் முன்னாடி உட்கார்ந்து, "சார், எங்க கிரேடிங் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, லோன் எப்ப சாங்ஷன் ஆகும்?"னு கேக்கறீங்க. இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க? தேவை வந்தது, கத்துக்கிட்டீங்க. பேங்க் வார்த்தைகளைக் கத்துக்கிட்டது பணத்துக்காக. இன்னைக்கு நான் சொல்லப் போற வார்த்தைகள் உயிருக்காக. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிற்கும்போது காதுல விழுற வார்த்தைகள்.

தாம்பரத்துக்குப் பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 'சானடோரியம்'னு தினமும் ரயில்ல டிக்கெட் கேட்டு வாங்குறோம். அந்த வார்த்தைக்கு, நீண்ட நாள் நோயாளிகள் தங்கி ஓய்வெடுத்துக் குணமாகும் இடம்னு அர்த்தம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த மருத்துவமனையால வந்த பேர் அது. 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அதன் பெயர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நாம 'நெஞ்சு'ன்னு ஒரே வார்த்தையில நுரையீரலையும் சொல்றோம், இதயத்தையும் சொல்றோம். இங்கிலீஷ்ல 'செஸ்ட்' வேற, 'ஹார்ட்' வேற. அந்த மருத்துவமனை முக்கியமா நுரையீரல் நோய்களுக்கானது. ஒரு வார்த்தையில இவ்வளவு விஷயம் இருக்கு.

இப்ப என் கதையைச் சொல்றேன். இதை நான் பெருமையா சொல்லல.

2012-ல் நான் சமூகப்பணி முதுகலைப் படிப்பை அப்போதான் முடிச்சிருந்தேன். ஒரு ராத்திரி எங்க அப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு. காலெல்லாம் வீங்கிப்போச்சு. ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். விடியக்காலையில டாக்டர் வெளியே வந்து, "பேஷண்ட் ஹார்ட் ஃபெயிலியர்ல இருக்கார். ஈ.எஃப். இருபத்தஞ்சு. கிரிட்டிகல், பட் ஸ்டேபிள்"னு சொன்னார். எனக்குப் பாதி புரியல. ஆனா நான்தானே வீட்டுல படிச்சவ? "எஸ் டாக்டர்"னு தலையாட்டினேன். அவர் போயிட்டார்.

அம்மா, "என்னம்மா சொன்னாரு?"ன்னு கேட்டாங்க. "ஹார்ட் ஃபெயில் ஆயிடுச்சாம்மா, இருபத்தஞ்சு பர்சென்ட்தான் வேலை செய்யுதாம்"னு சொன்னேன். நம்ம ஊர்ல 'ஹார்ட் ஃபெயில்'னா என்ன அர்த்தம்? ஆள் முடிஞ்சதுன்னு அர்த்தம். அம்மா அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. ஊருக்குப் போன் போச்சு. பெரியப்பா வந்தார். "இனி இங்க வெச்சு என்ன பண்றது? உசிரு வீட்டுல போகட்டும்"னார். டாக்டர் பேச்சை மீறி எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு ஒரு படிவம் குடுத்தாங்க. அதை என் கையாலதான் பூர்த்தி செஞ்சேன், அழகான எழுத்துல.

வார்டுல இருந்த ஒரு நர்ஸ் அக்கா, "ராத்திரிக்கு இப்ப எவ்வளவோ தேவலாமே, ஏன் கூட்டிட்டுப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னதைக் கேட்டுட்டு, "அய்யோ, ஃபெயிலியர்னா நின்னுபோச்சுன்னு அர்த்தமில்லம்மா. கிணத்து மோட்டார் முன்ன மாதிரி வேகமா தண்ணி இழுக்கல, அவ்வளவுதான். மாத்திரை குடுத்தா சமாளிச்சிடலாம்"னாங்க. படிவத்தைக் கிழிச்சுப் போட்டோம். எங்க அப்பா 2019 வரைக்கும் இருந்தார். என் கல்யாணத்தைப் பார்த்தார், என் பொண்ணைத் தூக்கிக் கொஞ்சினார்.

அந்த நர்ஸ் அக்கா அன்னைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேக்கலைன்னா? இப்ப நினைச்சாலும் உடம்பு நடுங்குது. இங்கிலீஷ் தெரியாதது தப்பே இல்ல. புரிஞ்ச மாதிரி நான் தலையாட்டினேனே, அதுதான் தப்பு.

சரி, வார்த்தைகளுக்கு வருவோம். ஊக்குநர்கள் நோட்டுல எழுதிக்கங்க.

ஹார்ட் அட்டாக்: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. இதயம் துடிச்சுக்கிட்டுதான் இருக்கும், பேசுவார். ஆனா ஒவ்வொரு நிமிஷமும் தசை கெட்டுப்போகுது.

கார்டியாக் அரெஸ்ட்: போலீஸ் அரெஸ்ட் இல்ல! இதயம் ரத்தத்தை இறைக்காம நின்றுபோவது. ஆள் சாய்ந்துவிடுவார், கூப்பிட்டா அசைவிருக்காது, சரியான மூச்சும் இருக்காது. உடனே 108-க்குப் போன். ஸ்பீக்கரில் போட்டுட்டு, நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தணும். இதுக்குப் பேர் 'சி.பி.ஆர்'.

ஹார்ட் ஃபெயிலியர்: இதயம் பலவீனமாக இறைப்பது. கவனிக்க வேண்டிய நோய்தான், ஆனா முடிவு இல்ல.

ஈ.எஃப்.: ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது அறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுது என்ற கணக்கு. நல்ல இதயத்துக்கே ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான். நூறு யாருக்கும் கிடையாது. அதனால 'இருபத்தஞ்சு'ன்னா முக்கால் பங்கு செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க.

கிரிட்டிகல்: உயிருக்கு ஆபத்தான நிலை. ஸ்டேபிள்: இப்போதைக்கு மேலும் மோசமாகாமல் இருக்கு. குணமாயிட்டார்னு அர்த்தம் இல்ல.

பாசிட்டிவ்: நமக்கு நல்ல வார்த்தை மாதிரி தோணும். 'ட்ரோபோனின் பாசிட்டிவ்'னு சொன்னா, இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்குன்னு ரத்தப் பரிசோதனை காட்டுது.

ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி: ரெண்டும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைக்கிறோம். 'கிராம்'னு முடிஞ்சா அடைப்பு எங்கேன்னு படம் எடுத்துப் பார்க்கிறது. 'பிளாஸ்டி'னு முடிஞ்சா அடைப்பை விரிக்கிற சிகிச்சை. அந்த இடத்துல வைக்கிற சின்ன வலைக்குழாய்தான் 'ஸ்டென்ட்'. மத்திய அரசு 2017 பிப்ரவரியில ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை நிர்ணயம் செய்தது. பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்க.

பைபாஸ்: அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்குப் புது வழி போடும் ஆபரேஷன். நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலைத் தவிர்க்க பைபாஸ் ரோடு பிடிக்கிறோமே, அது மாதிரி. இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை 1975-ல் நம்ம சென்னையில, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில, டாக்டர் கே.எம். செரியன் செய்தார்.

கன்சென்ட்: சம்மதம். நோயாளிகள் உரிமைச் சாசனம்னு தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்சிருக்கு. நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் நமக்குத் தெரிந்த மொழியில் விளக்கம் பெறுவது நம்ம உரிமைன்னு அது சொல்லுது.

வார்த்தைகளை மறந்தாலும் நாலு கேள்விகளை மறக்காதீங்க. தமிழிலேயே கேக்கலாம், கூச்சம் வேண்டாம்.

1. டாக்டர், எனக்குப் புரியல. தமிழ்ல சொல்றீங்களா?
2. இப்ப செய்யப் போறது பரிசோதனையா, சிகிச்சையா?
3. செஞ்சா என்ன ஆகும், செய்யலைன்னா என்ன ஆகும்?
4. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இது வருமா? 'அப்ரூவல்' வாங்கியாச்சா?

டாக்டர் பதில் சொன்னதும், "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க"ன்னு நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. அன்னைக்கு நான் அப்படிச் செஞ்சிருந்தா, எங்க அம்மா தரையில உட்கார்ந்திருக்க மாட்டாங்க.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். 'கேஸ் டிரபிள்'னு நாம ஒரு இங்கிலீஷ் வார்த்தை வெச்சிருக்கோம். சோடா குடிச்சுட்டுப் படுத்துடறோம். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாத்தான் வரணும்னு இல்ல. தாடை, முதுகு, தோள்ல வலி, மூச்சு வாங்கறது, குப்புனு வேர்க்கறது, வாந்தி, காரணமில்லாத அசதி, இப்படியும் வரும். வேலை அலுப்புன்னு விட்டுடாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. அங்கே தமிழ்லயே பேசலாம். ஊர், தெரு, பக்கத்துல இருக்கிற கோயிலோ ரேஷன் கடையோ, ஒரு அடையாளம் சொல்லுங்க.

ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்துல இருந்தா அதுவும் உதவும். 2023 ஜூனில் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு அங்கேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. இதை 'லோடிங் டோஸ்'னு சொல்வாங்க. பார்த்துட்டுத்தான் தருவாங்க. நாமளா கடையில வாங்கிப் போட்டுக்கக் கூடாது.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் வாரக் கூட்டத்துல சேமிப்புப் பணம் எண்ணி முடிச்சதும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. வாரம் மூணு வார்த்தை போதும். ஒருத்தர் டாக்டரா, ஒருத்தர் நோயாளியின் மனைவியா நடிச்சுக் காட்டுங்க. வீட்டுல ஒரு பையில காப்பீட்டு அட்டை, பழைய ஈ.சி.ஜி., சாப்பிடற மாத்திரைகளின் பட்டியல், எந்த மருந்து ஒத்துக்காது என்ற குறிப்பு, எல்லாம் ஒண்ணா இருக்கட்டும். குழுவுல யார் வீட்டுல ஆபத்துன்னாலும் கூட ஒரு உறுப்பினர் போகணும். பதறிப்போயிருக்கிறவங்க காதுல எதுவும் ஏறாது. பக்கத்துல நிக்கிறவங்க கேட்டு எழுதிக்கலாம்.

கைநாட்டு வெச்ச நாம கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டோம். அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு. கடன் பத்திரத்துல படிச்சுப் பார்க்காம போட மாட்டோம்னு தீர்மானம் போட்டிருக்கோம் இல்லையா? ஆஸ்பத்திரிப் படிவத்துக்கும் அதே தீர்மானத்தை இன்னைக்கு மினிட் புக்குல எழுதுவோம்: "கேட்போம், புரிந்துகொள்வோம், பிறகு கையெழுத்திடுவோம்."