கோர்வைக் கரை



"பழைய பட்டுப்புடவை இருந்தா கொடுங்கம்மா, நல்ல விலை தர்றோம்" என்று தெருவில் குரல் கேட்டால் எனக்கு மனசு பதறும். வருபவர் தம் பிழைப்பைப் பார்க்கிறார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவருக்கு வேண்டியது புடவை அல்ல, சரிகையில் இருக்கும் வெள்ளி. வாங்கிப் போன புடவையை எரிப்பார்கள். பட்டு சாம்பலாகும், மிஞ்சுகிற வெள்ளியை உருக்கி எடுப்பார்கள். யாரோ ஒருத்தி மணவறையில் உடுத்தியது, யாரோ ஒருவர் தறிக்குழிக்குள் காலை விட்டு நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்தது, சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படி எரிந்து போவது என்ன என்று இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் பழைய காஞ்சிப் பட்டு ஒன்று இருந்தால், கரையும் உடலும் சேருகிற இடத்தை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய வரப்பு மாதிரி ஒன்று தட்டுப்படும். அதுதான் கோர்வை. புடவையின் உடல் மாம்பழ மஞ்சளாக இருக்கும், கரை அரக்காக இருக்கும். இரண்டு நிறமும் ஒன்றோடொன்று துளியும் கலக்காது. உடலின் ஊடை, அதாவது குறுக்கிழை, கரைக்குள் போவதில்லை. கரையின் ஊடை உடலுக்குள் வருவதில்லை. இரண்டும் எல்லை வரைக்கும் வந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடும். ஒவ்வொரு ஊடைக்கும் இப்படி, புடவையின் நீளம் முழுக்க.

இதற்கு ஊடையைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும். கரைகள் இரண்டுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. தறியில் உட்கார்ந்த நெசவாளர் ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேருடைய கையும் ஒரே தாளத்தில் போகவேண்டும். ஒருவர் கை சற்றுத் தளர்ந்தாலும் அந்த இடத்தில் கரை சுருங்கும், அல்லது தொளதொளவென்று நிற்கும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது, பிரித்துத்தான் நெய்ய வேண்டும். உடல் நைந்து போனாலும் கரை பிரியாது என்று காஞ்சிபுரத்தில் சொல்வார்கள். பாட்டிகளின் புடவைகளைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பெருமைப் பேச்சு இல்லை என்று தெரியும்.

முந்தி வேறு நிறமாக இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. உடலின் பாவு, அதாவது நெடுக்கிழை, முடிகிற இடத்தில் முந்திக்கான பாவை இழை இழையாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இதற்குப் பெட்னி என்று பெயர். அன்றைக்கு மணிக்கணக்காக நாடா ஓடாது, தறி சும்மா நிற்கும், விரல்கள் மட்டும் வேலை செய்யும். சேர்ந்த இடத்தில் ஏறி இறங்கி ஒரு கோடு தெரியும். கடையில் அதைப் பார்த்துவிட்டு, "இங்கே என்னமோ நெசவு பிசகியிருக்கே" என்று புடவையைத் தள்ளி வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடுதான் அந்தப் புடவையின் உச்சம் என்று விற்கிறவரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது.

பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை பெரும்பாலும் குஜராத்தில் சூரத்திலிருந்து. காஞ்சிபுரத்திலேயே தமிழக அரசின் சரிகை ஆலையும் உண்டு. வெள்ளியைக் கம்பியாக இழுத்து, தட்டையாக்கி, சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின்மேல் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுவார்கள். தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் அந்தத் துளித் தங்கம்தான் வெள்ளியின் வெண்மையை மாற்றி, கல்யாண வீட்டு விளக்கொளியில் அந்தப் பளபளப்பைத் தருகிறது. சரிகையை இலேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அசல்தானா என்று சந்தேகப்படலாம்.

கரையில் என்ன இருக்கும்? கோபுரம், ருத்ராட்சம், அன்னம், மயில்கண், யாளி, இருதலைப்பட்சி. கோயில் தூணில் பார்த்ததை நெசவாளர் புடவைக்குக் கொண்டுவந்தார். 1936-இல் கலாக்ஷேத்திரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி அங்கேயே தறிகளையும் போட்டார். வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய அகலக் கரைகளையும் பழைய நிறங்களையும் மறுபடி நெய்யச் செய்தார். இன்று கடைகளில் "பழைய டிசைன்" என்று நாம் தேடி வாங்குகிற பலவற்றுக்காக அந்த உழைப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். நிறத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்வித்துக் கொடுத்த நீலம், "எம்.எஸ். ப்ளூ" என்றே பெயர் வாங்கிவிட்டது. சாயப்பட்டறையில் பிறந்த ஒரு நிறம் பாடகியின் பெயரோடு வீடு வீடாகப் போயிற்று.

புடவை தறியிலிருந்து இறங்கியதும் நெசவாளருடைய வேலை முடிந்துவிடுகிறது. நம்முடையது அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நம் வீடுகளில் புதுப்புடவையின் மூலையில் மஞ்சள் குங்குமம் தடவாமல் கட்டுவதுண்டா? சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பெரியவர்கள் கையால் வாங்கித்தான் கட்டுகிறோம். அந்த மஞ்சள் பல வருஷம் கழித்தும் மூலையில் மங்கலாகத் தங்கியிருக்கும். என் அம்மாவின் முகூர்த்தப் புடவையில் முந்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறை இருக்கிறது. ஓமத்தில் நெய் வார்த்தபோது தெறித்தது. அதை எடுத்துத் தருகிறேன் என்று டிரை கிளீனிங் கடையில் எத்தனையோ முறை சொல்லியும் அம்மா சம்மதிக்கவில்லை. "அது போனா அப்புறம் அது என் புடவையா?" என்றாள். அந்தப் புடவையை உடுத்திக்கொண்டுதான் என் வளைகாப்பில் எனக்குக் கண்ணாடி வளையல் அடுக்கினாள். எங்கள் வீட்டில் நகைகளுக்குக் கணக்கு இருக்கிறது, எது யாருக்கு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தப் புடவையை மட்டும் யாரும் பங்கு போடவில்லை, அவரவர் விசேஷத்துக்கு அவரவர் வாங்கிக் கட்டுகிறோம்.

அப்படிக் கட்டுவதுதான் புடவைக்கு நல்லது. பீரோவின் அடியில் ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் பட்டு மடிப்பிலேயே நைந்து, கீறல் விட்டுவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது, சரிகை கறுத்துப் போகும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது உடுத்துங்கள்.

இனி நெசவாளர் வீட்டுக்கு வருகிறேன். ஒரு காலத்தில் கோர்வை நாடா வாங்கித் தரத் தறியோரம் உட்கார்ந்தவர்கள் சிறுவர்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பள்ளிக்கூடம் போகாமல் உட்கார்ந்த பிள்ளைகள். அந்த வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது நல்லதிலும் நல்லது. ஆனால் அந்த இடத்துக்கு இப்போது பெரும்பாலும் வந்திருப்பவர் நெசவாளரின் மனைவி. சமையலை முடித்துவிட்டு வந்து உட்காருகிறார், பாவு விரிக்கவும் தார் சுற்றவும் அவரே ஓடுகிறார். கூலி புடவைக்குத்தான், ஆளுக்கு இல்லை. இரண்டு பேர் உழைப்பு ஒரு கூலியில் அடங்கிவிடுகிறது. பிள்ளைகள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. தறியில் உட்கார் என்று அவர்களைச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தறியிலும் அதே வருமானம் கிடைத்தால் மட்டுமே சொல்லலாம்.

சில வகைப் புடவைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டம் 1985-இலேயே வந்தது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டிய புடவை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்பனையாகிறது. அது ஒரே நாடாவில் ஓடுவதால் உடலின் ஊடை கரைக்குள்ளும் போகும், கரையின் நிறத்தில் உடலின் சாயல் கலந்திருக்கும். விலை குறைவு என்று அதை வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவரவர் கையில் இருப்பதற்குத்தானே வாங்க முடியும்? விற்பவர் அதை அதன் பெயரைச் சொல்லியே விற்க வேண்டும், என் வழக்கு அவ்வளவுதான்.

ஆகவே நேயர்களே, அடுத்த முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது கைத்தறியா? இது கோர்வையா? சரிகை என்ன வகை, சீட்டில் எழுதித் தருவீர்களா? கேட்க வெட்கப்பட வேண்டாம், பணம் உங்களுடையது. முடிந்தால் கோ-ஆப்டெக்ஸிலோ காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ எடுங்கள். வீட்டில் இருக்கிற பழைய புடவையை எடைக்குப் போடுவதற்கு முன்னால், அதைக் கட்டிக்கொள்ள வீட்டில் ஒரு பெண்ணாவது ஆசைப்படுகிறாளா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.