இரு குழலும் ஒரு குறியும்

(பாலாநகரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். இங்கே கூடியிருப்போருள் பலர் கடைசல் இயந்திரத்தையும் அரத்தையும் நம்பி வாழ்பவர்கள். 1968ஆம் ஆண்டு மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் தோன்றிய ஊர் இந்தப் பாலாநகர். ஆகவே, கைத்திறன் எவ்வளவு நுட்பமாக இருக்கவேண்டும் என்பதற்கும், அக்கைத்திறன் எங்கே அடங்கி நிற்கவேண்டும் என்பதற்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

ஐதராபாத்துக்கு இப்பொருள் புதிதன்று. ஆறாம் நிசாம் மகபூப் அலி பாஷா புலி வேட்டையில் பெயர் பெற்றவர். 1902இல் கர்சன் பிரபு வாரங்கல் பகுதியில் வேட்டையாடியதை லாலா தீன் தயாள் படம் பிடித்திருக்கிறார். அக்காலத்துப் பெரு வேட்டையில் மதிப்புடன் விளங்கியது இரட்டைக் குழல் ரைபிள். அதன் சிறப்பு, ஒரே கட்டையில் இரண்டு துப்பாக்கிகள் இருப்பது. விசை இரண்டு, பூட்டும் இரண்டு. ஒரு தோட்டா வெடிக்காது போனாலும் மற்றொன்று ஆயத்தமாக இருக்கும். பாயும் விலங்கின்முன் நிற்பவனுக்கு அந்த நொடிதான் உயிர். ஜிம் கார்பெட்டிடம் .450/400 அளவில் ஜெஃப்ரி நிறுவனத்தார் செய்த இரட்டைக் குழல் ரைபிள் இருந்தது.

அளவுகளின் கதையிலும் நம் நாட்டுக்குப் பங்குண்டு. .450 அளவு ரைபிள்களை இந்தியாவில் பயன்படுத்தலாகாது என்று 1907இல் ஆங்கில அரசு தடை விதித்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அத்தோட்டாக்கள் உதவிவிடுமோ என்ற அச்சமே காரணம். உடனே லண்டன் உற்பத்தியாளர்கள் .465, .470 என்று புதிய அளவுகளை உண்டாக்கினர். ஆட்சியாளரின் அச்சம் ஆயுதத்தின் அளவையே மாற்றியது.

இத்தகைய ரைபிள் ஏன் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்தது? மரத்தின் செதுக்கு வேலையும் வெள்ளிப் பூவேலையும் மட்டும் காரணமல்ல. இரண்டு குழல்களையும் ஒன்றுக்கொன்று இணையாக வைத்துப் பற்றவைத்தால் குறி ஒன்றுபடாது. வலக் குழல் வெடிக்கும்போது துப்பாக்கி மேலும் வலமுமாக உதைக்கும். இடக் குழல் வெடித்தால் இடப்புறம் உதைக்கும். குண்டு குழலைவிட்டு வெளியேறுமுன்பே அந்த அசைவு தொடங்கிவிடுகிறது. ஆதலால், வாய்ப்புறத்தில் குழல்கள் சற்றே நெருங்குமாறு அமைக்கவேண்டும். எவ்வளவு நெருக்கம் என்பதைக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. கைவினைஞன் சுட்டுப் பார்ப்பான், ஈயப் பற்றை இளக்கி, இடையிலுள்ள ஆப்பை மயிரிழையளவு நகர்த்துவான், மீண்டும் சுடுவான். இரு குழல்களும் ஒரே இடத்தைத் தொடும்வரை இவ்வேலை தொடரும். விலையில் பெரும்பங்கு இப்பொறுமைக்குரியது.

அவ்வாறு ஒத்திசைத்த பிறகும், குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்குத்தான் அது சரியாக இருக்கும். வேகம் குறைந்த தோட்டாவை இட்டால், குண்டு குழலுக்குள் நெடுநேரம் தங்குவதால் இரு குறிகளும் விலகும். வேகம் மிகுந்தால் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். எனவே எளியவர்க்கான வழி ஒன்று உண்டு: துப்பாக்கியை மாற்றாமல், அதற்கேற்ற தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது. ருசிய நாட்டு இசெவ்ஸ்க் நகரில் செய்யப்பட்ட எம்.பி.-221 என்ற மலிவான ரைபிளில், வாய்ப்புறத்துக் குழல்களை உடையவரே திருகி ஒத்திசைக்க வசதி செய்தனர். செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த நுட்பத்தை எளியவர்க்கும் கொடுத்த அறிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் நம்மவர் வீடுகளில் காணப்படுவது பெரும்பாலும் ரைபிளன்று. பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கியே. குழலின் உள்விட்டத்துக்கு ஒத்த ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதால் அப்பெயர். ரவைகள் பரவிச் செல்வதால் சிறு விலகல் அதில் தெரியாது. அதனால்தான் பலரும் ‘இதைத் தட்டிச் சரிசெய்துவிடலாம்’ என்று துணிகிறார்கள்.

நாமும் ஒருமுறை துணிந்தோம். பல ஆண்டுகளுக்கு முன்பு, இதே பாலாநகரில் ஒரு சிறு பட்டறையில் பணிபுரிந்தபோது, அறிமுகமான ஒருவர் தம் தந்தையார் விட்டுச் சென்ற இரட்டைக் குழல் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். குழல்களின் இடைப்பட்டை விட்டுப்போயிருந்தது. “பித்தளை வைத்துப் பற்றவைத்தால் பத்து நிமிட வேலை” என்றோம். கைத்திறன்மீது அவ்வளவு கர்வம்! விளக்கைக் கொளுத்தும் வேளையில் மூத்த மேஸ்திரி வந்தார். “தம்பி, ஈயப் பற்று இருநூறு பாகையளவில் இளகும். பித்தளை எண்ணூறுக்கும் மேல் கேட்கும். அந்தச் சூட்டில் குழல் இரும்பின் வலு போய்விடும். நாளைக்கு இது வெடித்தால் போவது அவர் கையா, உன் கையா?” என்றார். பிறகு, “உரிமச் சீட்டு எங்கே?” என்று அவரைக் கேட்டார். சீட்டு இறந்துபோன தந்தையாரின் பெயரில் இருந்தது. நாம் விளக்கை அணைத்தோம். அன்று நாம் இழந்தது ஐம்பது ரூபாய், காப்பாற்றிக்கொண்டது வாழ்க்கை.

சட்டத்தைப் பிறகுதான் படித்தோம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைச் செய்வது மட்டுமன்று, பழுதுபார்ப்பதும் குற்றம்; குழலைக் குறுக்குவதும் குற்றம். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், இதற்குக் குறைந்த தண்டனையே ஏழு ஆண்டுச் சிறை. அதே திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டித்தது. உரியவர் இறந்தால், வாரிசு அதனைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, தம் பெயரில் உரிமம் கேட்கவேண்டும். தந்தையின் சொத்து என்பது இங்கே செல்லாது.

வேட்டையின் காலமும் முடிந்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டைக்காரனின் உரிமையை எடுத்துவிட்டன. பயிரை அழிக்கும் பன்றியாயினும் அதிகாரிகளின் ஆணையின்றிச் சுடலாகாது. கார்பெட்டே பிற்காலத்தில் துப்பாக்கியைவிடப் படக்கருவியைப் பெரிதும் விரும்பினார்.

அன்பர்களே! துப்பாக்கி உடையோர் உரிமத்தைக் காலத்தில் புதுப்பியுங்கள். குழலைத் துடைத்து எண்ணெயிட்டுப் பூட்டி வையுங்கள். பழைய துப்பாக்கியின் அறை இரண்டரை அங்குலத்துக்குரியதா என்று உரிமம் பெற்ற கைவினைஞரிடம் அளந்து பார்க்கச் செய்யுங்கள். நீண்ட தோட்டா அதில் நுழையும், ஆனால் வெடிக்கும்போது அழுத்தம் மிகும். ஊரிலிருந்து புதிதாக வந்து பட்டறையில் சேரும் இளைஞர்களுக்கு இதைச் சொல்வது மூத்தோரின் கடமை. யாரேனும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தால், எத்தனை ரூபாய் தருவதாகச் சொன்னாலும் அதைத் தொடவேண்டா. அன்று மேஸ்திரி வாசலில் வந்து நின்றிராவிட்டால், இன்று இந்த மேடையில் நாம் நின்றிருக்கமாட்டோம்.